தாவிப் படியெடுக்கும் வைரஸ்

எச்.ஐ.வி.யின் துணைவகைகளை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: ஏ, பி, சி, டி, எஃப், ஜி, எச், ஜே, கே, எல். நடுவில் இ இல்லை, ஐயும் இல்லை. இரண்டும் ஒரு காலத்தில் பட்டியலில் இருந்தவைதான். பிறகு எடுத்துவிட்டார்கள். ஏன் எடுத்தார்கள் என்று புரிந்துவிட்டால் இந்த வைரஸைப் பற்றிப் பாதி புரிந்த மாதிரி.

1990-களின் தொடக்கத்தில் தாய்லாந்தில் இரண்டு ரக எச்.ஐ.வி. பரவிக்கொண்டிருந்தது. ஒன்று பி. இன்னொன்றின் என்வ் மரபணு, அதாவது வைரஸின் மேலுறைப் புரதத்துக்கான மரபணு, அதுவரை பார்த்திருந்த எந்த வகையோடும் ஒத்துப்போகவில்லை. அதற்கு இ என்று பெயர் வைத்தார்கள். அந்தக் காலத்தில் ஒரு வைரஸின் முழு மரபணுத் தொகுப்பையும் வாசிப்பது பெரிய வேலை. ஒரு துண்டை வாசித்து வகையைத் தீர்மானிப்பதுதான் வழக்கம். 1996-ல் முழு நீளத்தையும் வாசித்தபோது, காக், பொல் ஆகிய மரபணுக்கள் ஏ வகையோடு அப்படியே பொருந்தின. என்வ் மட்டும்தான் வேறு. இரண்டு வெவ்வேறு வைரஸ்களின் துண்டுகள் ஒட்டி உருவான ஒன்றைத்தான் தனி வகை என்று எண்ணியிருக்கிறார்கள். முழுக்க முழுக்க இ வகையாக இருக்கும் ஒரு மூதாதை வைரஸ் இன்றுவரை யாருக்கும் கிடைக்கவில்லை. இப்போது அதன் பெயர் சி.ஆர்.எஃப்.01_ஏ.இ. பரவும் மறுசேர்க்கை வடிவங்களில் முதலாவது என்று அர்த்தம். சைப்ரஸில் கண்டெடுத்த ஐ வகையின் கதை இன்னும் சிக்கல்: ஏ, ஜி, எச், கே என்று பல வகைகளின் துண்டுகள் அதில் இருந்தன.

வைரஸ்களின் மரபணு வரிசைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது என் வேலை. எச்.ஐ.வி. பற்றி என்னிடம் பேசுகிறவர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் பிறழ்வு பற்றித்தான் கேட்கிறார்கள். “ரொம்ப வேகமாக மியூட்டேட் ஆகுமாமே?” ஆமாம், ஆகும். ஆனால் பிறழ்வு புதிய எழுத்துகளைத் தருகிறது, அவ்வளவுதான். எங்கெங்கோ தனித்தனியாகத் தோன்றிய மாற்றங்களை ஒரே வைரஸில் கொண்டுவந்து சேர்ப்பது மறுசேர்க்கை. இதைப் பற்றிப் பொதுவெளியில் போதுமான அளவு பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

முதலில் பிறழ்வைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். எச்.ஐ.வி.யின் மரபணுத் தொகுப்பு சுமார் 9,700 எழுத்துகள் கொண்ட ஆர்.என்.ஏ. செல்லுக்குள் நுழைந்ததும் அதை டி.என்.ஏ.வாக மாற்றி எழுத ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற நொதி இருக்கிறது. 1970-ல் ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் வேறு ரெட்ரோவைரஸ்களில் தனித்தனியாகக் கண்டுபிடித்த அதே ரக நொதிதான். நம் செல்களின் டி.என்.ஏ. நகலெடுக்கும் நொதிகளுக்கு எழுதியதைத் திரும்பப் பார்த்துத் திருத்தும் வசதி உண்டு. இதற்கு அது கிடையாது. ஒரு லட்சம் எழுத்துகளுக்கு ஏறத்தாழ மூன்று தவறு. கணக்குப் போட்டால் மூன்று முறை முழுத் தொகுப்பையும் எழுதினால் ஒரு தவறு. இது பெரிதாகத் தெரியாது. ஆனால் சிகிச்சை எடுக்காத ஒருவர் உடலில் ஒரு நாளில் உருவாகும் வைரஸ் துகள்கள் ஆயிரம் கோடி என்ற அளவில் இருக்கும். ஆக, ஓர் எழுத்து மட்டும் மாறிய வைரஸ் என்று எதைக் கற்பனை செய்தாலும், அது அந்த உடலில் ஏதோ ஒரு மூலையில் இன்றைக்கே தோன்றியிருக்க வாய்ப்பு உண்டு. ஒருவர் உடலுக்குள் ஆறு ஆண்டுகளில் சேர்ந்த என்வ் வேறுபாட்டையும், ஓர் ஆண்டில் உலகம் முழுக்கப் பரவிய இன்ஃப்ளுயன்ஸாவின் மேற்புரத வேறுபாட்டையும் 2001-ல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. ஓர் உடல், ஓர் உலகம்.

நொதி தவறு செய்கிறது என்பது மட்டும் இதற்குக் காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. 1980-ல் கண்டறிந்த எச்.டி.எல்.வி.-1 என்பதும் மனித ரெட்ரோவைரஸ்தான். அதனிடமும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் இருக்கிறது. ஆனாலும் அது மிகக் குறைவாகவே மாறுகிறது. காரணம், அது பெரும்பாலும் புதிய செல்களைத் தேடிப் போவதில்லை. தொற்றிய செல்லையே பெருகச் செய்து, செல்லோடு சேர்ந்து தானும் பெருகுகிறது. அப்போது அதன் மரபணுவை நகலெடுப்பது திருத்தம் பார்க்கும் நம்முடைய நொதி. எச்.ஐ.வி.யோ ஒவ்வொரு சுற்றிலும் புதிய செல்லுக்குள் புகுந்து முதலிலிருந்து எழுதுகிறது. அதன் வேறுபாட்டுக்கு அந்த வாழ்க்கை முறையும் ஒரு காரணம்.

சரி, மறுசேர்க்கைக்கு வருவோம். ஒரு எச்.ஐ.வி. துகளுக்குள் ஆர்.என்.ஏ. இரண்டு பிரதியாக இருக்கும். துகள் உருவாகும்போதே இரண்டும் ஜோடி சேர்ந்துதான் உள்ளே போகின்றன. ஜோடி சேரத் தொடங்குவது ஆறே எழுத்து கொண்ட ஒரு முடிச்சில். பி வகையில் அது ஜி-சி-ஜி-சி-ஜி-சி, சி வகையில் ஜி-யூ-ஜி-சி-ஏ-சி. இவை தமக்குத் தாமே பொருந்தும் வரிசைகள். அதனால் ஒரு பிரதியின் முடிச்சு இன்னொரு பிரதியின் அதே முடிச்சோடு நேராகப் பிணைந்துகொள்ளும். பி-யும் சி-யும் ஜோடி சேரவேண்டும் என்றால் இந்த ஆறு எழுத்து ஒத்துப்போகாது. அந்த மாதிரி ஜோடிகள் குறைவாகவே உருவாகின்றன என்று ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். குறைவாகத்தான், இல்லவே இல்லை என்று கிடையாது.

இப்போது நொதி எழுதத் தொடங்குகிறது. தொடங்கும் இடம் விசித்திரமானது. ஆர்.என்.ஏ.வின் ஒரு முனையிலிருந்து சுமார் 180 எழுத்து உள்ளே, மனித செல்லிடமிருந்து எடுத்துவந்த டி.ஆர்.என்.ஏ. என்ற சிறு ஆர்.என்.ஏ. மூலக்கூறு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கிருந்து முனையை நோக்கி எழுதுகிறது. 180 எழுத்திலேயே பாதை முடிந்துவிடும். மீதி ஒன்பதாயிரத்துச் சொச்சம் எழுத்தும் மறுபக்கம் கிடக்கின்றன. என்ன செய்யும்? எழுதிய சிறு டி.என்.ஏ. துண்டோடு அடுத்த முனைக்குத் தாவும். இரண்டு முனைகளிலும் ஒரே வரிசை இருப்பதால் துண்டு அங்கே போய்ப் பொருந்தும். அங்கிருந்து எழுத்து தொடரும். இந்தத் தாவல் இல்லாமல் ஒரு எச்.ஐ.வி.கூட உருவாக முடியாது. போகும் இடம் அதே பிரதியின் மறுமுனையாகவும் இருக்கலாம், பக்கத்துப் பிரதியின் மறுமுனையாகவும் இருக்கலாம்.

தாவுவது இந்த நொதியின் கோளாறு என்று சில பாடப்புத்தக விளக்கங்கள் படிக்கிறவரை எண்ண வைத்துவிடுகின்றன. எனக்கு அது ஒப்பாது. தாவுவதற்கென்றே வந்த நொதி, வழியிலும் தாவுகிறது. அதற்கும் ஒரு காரணம் உண்டு. நொதியின் ஒரு முனை எழுதிக்கொண்டு போகப் போக, ஆர்.என்.ஏஸ். எச் என்னும் இன்னொரு பகுதி எழுதி முடித்த ஆர்.என்.ஏ.வைப் பின்னாலேயே வெட்டி அழித்துக்கொண்டு வரும். ஓலைச்சுவடியைப் பார்த்துப் படியெடுக்கும் ஒருவர், எழுதி முடித்த ஏட்டை அப்போதைக்கப்போதே கிழித்துப் போடுகிறார், பக்கத்தில் அதே நூலின் இன்னொரு பிரதியும் விரித்துக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கை சற்றே தயங்கினால் போதும், கண் அடுத்த பிரதிக்குப் போய்விடும். விட்ட இடத்திலிருந்து அதைப் பார்த்து எழுதத் தொடங்குவார். இரண்டிலும் பாடம் ஒன்றாக இருந்தால் யாருக்கும் தெரியாது. பாடபேதம் இருந்தால், முன்பாதி ஒரு சுவடியின் பாடம், பின்பாதி இன்னொன்றின் பாடம் என்று மூன்றாவதாக ஒரு பிரதி உருவாகிவிடும்.

வழியில் ஆர்.என்.ஏ. உடைந்து கிடந்தாலும் இதே கதைதான். பாதை அறுந்த இடத்தில் பக்கத்துப் பிரதி கைகொடுக்கும். ஆளுக்கொரு இடத்தில் உடைந்த இரண்டு பிரதிகளிலிருந்து உடையாத ஒரு டி.என்.ஏ. வெளிவரும். ஒருமுறை எழுதி முடிப்பதற்குள் இப்படி 3 முதல் 10 தாவல்கள் வரை ஆய்வகங்களில் அளந்திருக்கிறார்கள். செல்லின் வகையைப் பொறுத்து எண் மாறும். புள்ளிப் பிறழ்வோடு ஒப்பிட்டால் இது பத்து மடங்குக்கும் மேல்.

அப்படியானால் உலகமே கலப்பு வைரஸ்களால் நிரம்பியிருக்க வேண்டாமா? இங்கேதான் ஒரு தடை இருக்கிறது. துகளுக்குள் இருக்கும் இரண்டு பிரதிகளும் ஒன்றுபோலவே இருந்தால் தாவுவதால் எதுவும் மாறாது. அவை வேறுபட வேண்டும் என்றால், முதலில் ஒரே செல்லில் இரண்டு வெவ்வேறு வைரஸ்கள் தொற்றியிருக்க வேண்டும். அந்தச் செல்லிலிருந்து ஆளுக்கொரு பிரதியை ஏந்திய துகள் வெளிவர வேண்டும். அது அடுத்த செல்லுக்குள் போய் எழுதும்போதுதான் கலப்பு உருவாகும். இரண்டு தலைமுறை வேலை. போதாததற்கு, ஒரு செல்லுக்குள் நுழைந்த எச்.ஐ.வி. தன் நெஃப், வி.பி.யூ. ஆகிய புரதங்களைக் கொண்டு அந்தச் செல்லின் மேலிருக்கும் சி.டி.4 கதவுகளை அகற்றிவிடும். பின்னால் வருகிற வைரஸுக்கு உள்ளே வருவது கடினமாகும். ஆனாலும் நடக்கிறது. 2002-ல் மண்ணீரல் செல்களை ஆராய்ந்தபோது சராசரியாக ஒரு செல்லில் மூன்று நான்கு வைரஸ் டி.என்.ஏ.க்கள் இருந்தன. பிற்பாடு ரத்தத்தில் உள்ள செல்களைப் பார்த்தவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றுதான் தென்பட்டது. எந்தத் திசுவைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்த விஷயம் இது.

அதே 2002-ல், ஏற்கெனவே எச்.ஐ.வி. உள்ள ஒருவருக்கு இன்னொருவரிடமிருந்து வேறு எச்.ஐ.வி. தொற்றுவதும் உறுதியானது. இரண்டு துணைவகைகள் சந்தித்துக்கொள்ள அதுதான் வழி. ஆனால் மறுசேர்க்கை என்றாலே துணைவகைக் கலப்பு என்று நினைக்கவேண்டாம். ஒருவர் உடலில் ஒரே வைரஸிலிருந்து பிறந்து, சில எழுத்துகளில் மட்டும் வேறுபட்டுப்போன உடன்பிறப்புகளுக்கு இடையில்தான் அது மிக அதிகமாக நடக்கிறது. சிகிச்சையைத் தொடுவதும் அதுவே.

ஒரு உதாரணத்தைக் கிட்டத்தில் பார்க்கலாம். ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸில் 184-வது இடத்தில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் போய் வேலின் வந்தால் லாமிவுடின் மருந்துக்கு எதிர்ப்பு. 103-வது இடத்தில் லைசின் போய் ஆஸ்பரஜின் வந்தால் எஃபாவிரென்ஸ், நெவிரபின் இரண்டுக்கும் எதிர்ப்பு. இரண்டுமே ஒற்றை எழுத்து மாறினால் நடக்கும். ஒரு வைரஸில் முதலாவது மட்டும், இன்னொன்றில் இரண்டாவது மட்டும் இருக்கிறது. இரண்டும் ஒரே செல்லில் சந்தித்து, ஜோடியாக ஒரே துகளில் ஏறுகின்றன. 103-க்கும் 184-க்கும் இடையில் 81 இடம், இடத்துக்கு மூன்று எழுத்து, மொத்தம் 243 எழுத்து. இந்த 243 எழுத்துக்குள் சரியான திசையில் ஒரு தாவல் நிகழ்ந்தால் இரண்டு எதிர்ப்பும் ஒரே வைரஸில். திசை மாறினால் இரண்டும் இல்லாத பழைய வைரஸ் திரும்ப வந்துவிடும். ஏற்கெனவே சேர்ந்திருக்கும் இரண்டைப் பிரித்தும் விடும் என்பதை மறக்கக் கூடாது. அதனால் மறுசேர்க்கை எப்போதும் வைரஸுக்குச் சாதகம் என்று சொல்வது சரியல்ல. பலவீனமான மருந்தழுத்தத்தில் எதிர்ப்பு உள்ளவை பிழைக்கும் சூழலில் மட்டும் அது வைரஸின் பக்கம் சாய்கிறது. 1987-ல் ஏ.இசட்.டி.யைத் தனி மருந்தாகக் கொடுத்தபோது எதிர்ப்பு வந்துவிட்டது. 1996-ல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியதும் மரணங்கள் சடாரென்று குறைந்தன. மூன்று மாற்றமும் ஒரே வைரஸில் சேர்வதற்குள் அந்த வைரஸ் பெருகவே முடியாமல் போய்விடுகிறது.

கலப்பு வைரஸை எப்படிக் கண்டுபிடிக்கிறோம் என்று கேட்பீர்கள். சந்தேகமுள்ள வரிசையை, தெரிந்த துணைவகைகளின் வரிசைகளோடு அடுக்குகிறோம். அப்புறம் 400 எழுத்து அகலமுள்ள ஒரு சாளரத்தை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே, ஒவ்வொரு இடத்திலும் இது யாரோடு நெருக்கம் என்று கணக்கிடுகிறோம். திரையில் ஒவ்வொரு துணைவகைக்கும் ஒரு நிறக்கோடு. ஏ-யின் கோடு உச்சத்தில் ஓடிக்கொண்டிருக்கும், ஓரிடத்தில் மளமளவென்று சரியும், அதே இடத்தில் ஜி-யின் கோடு மேலே ஏறும். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் ஒட்டு. இதை எத்தனையோ முறை பார்த்தாகிவிட்டது. ஆனாலும் கோடுகள் வெட்டிக்கொள்ளும்போது கை மவுஸை விட்டு நின்றுவிடுகிறது. யாரோ ஒருவரின் உடலில், ஏதோ ஒரு செல்லில், ஒரு நொதி ஒரு கணம் தயங்கிய இடம் அது.

ஒட்டுகள் எல்லா இடத்திலும் சமமாக இல்லை. என்வ் மரபணுவின் ஓரங்களில் நிறைய, நடுவில் குறைவு. நடுவில் தாவல் நடக்கவில்லை என்பதல்ல காரணம். பாதி ஒரு வைரஸ், பாதி இன்னொரு வைரஸ் என்றிருக்கும் மேலுறைப் புரதம் பல சமயம் சரியாக மடங்காது, அந்த வைரஸ் பிழைக்காது. நாம் பார்ப்பது பிழைத்தவற்றை மட்டும்.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். டி.என்.ஏ.வைச் சுற்றுச் சுற்றாக நகலெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். எந்திரமும் தாவும். ஒரு மாதிரியில் பல வைரஸ்கள் கலந்திருக்கும்போது, ஒரு சுற்றில் பாதியில் நின்றுபோன டி.என்.ஏ. துண்டு, அடுத்த சுற்றில் வேறொரு வைரஸின் மேல் போய் ஒட்டிக்கொண்டு மீதியை எழுதிவிடும். உடலில் இல்லாத ஒரு கலப்பு குழாயில் பிறந்துவிடும். அதனால்தான் மாதிரியை நன்றாக நீர்க்கச் செய்து, சோதனைத் தட்டின் பெரும்பாலான குழிகளில் எதுவுமே இல்லாமல், இருக்கிற குழியில் ஒரே ஒரு மூலக்கூறு இருக்கும்படி செய்கிறார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான குழிகளில் மட்டும் விடை வந்தால்தான் அந்தச் சோதனையை நம்பலாம். ஆய்வகத்தில் வேலை செய்கிற தோழர்களுக்கு இது எவ்வளவு பொறுமை கேட்கும் வேலை என்று தெரியும். அந்தப் பொறுமை இல்லாமல் வந்த வரிசைகளில் மறுசேர்க்கையைத் தேடுவதில் பயனில்லை.

இதெல்லாம் வரலாற்றையும் கலைத்துப் போடுகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வம்சாவளி என்றால், முழு வைரஸுக்கும் சேர்த்து ஒரே ஒரு குடும்ப மரம் வரைய முடியாது. காலக்கணக்கு போடுகிறவர்கள் ஒட்டு இல்லாத பகுதிகளைத் தேடித்தான் கணக்குப் போடவேண்டும். கின்ஷாசாவில் 1959-லும் 1960-லும் எடுத்த இரண்டு மாதிரிகளில் கிடைத்த வைரஸ்கள் ஒன்றுக்கொன்று சுமார் 12 சதவீதம் வேறுபட்டிருந்தன. அவ்வளவு வேறுபட வேண்டுமென்றால் பொது மூதாதை பல பத்தாண்டுகள் முன்னால் இருந்திருக்கவேண்டும். உலகெங்கும் பரவிய எம் குழுவின் தொடக்கத்தை 20-ஆம் நூற்றாண்டின் முதல் சில பத்தாண்டுகளில் வைக்கிறார்கள். அந்த எம் குழு தென்கிழக்கு கேமரூனின் சிம்பன்சிகளிடமிருந்து வந்தது என்று 2006-ல் தெளிவானது. சிம்பன்சிக்கு எங்கிருந்து வந்தது? 2003-ல் கிடைத்த விடையில் ஒரு மூதாதை இல்லை, இரண்டு. ஒரு பகுதி சிவப்புத் தலை மங்கபே குரங்கின் வைரஸ், என்வ் உள்ளிட்ட இன்னொரு பகுதி மூக்கில் வெள்ளைப் புள்ளியுள்ள ஒரு குரங்கினத்தின் வைரஸ். சிம்பன்சிகள் சிறு குரங்குகளை வேட்டையாடித் தின்னும். அப்படி ஏதோ ஒரு சிம்பன்சியின் உடலில் இரண்டும் சந்தித்திருக்கின்றன. எச்.ஐ.வி. என்பதே ஒரு மறுசேர்க்கையின் வாரிசு.

அதனால் ‘தூய’ துணைவகை, ‘கலப்பு’ வகை என்று பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. ஜி துணைவகையே ஒரு கலப்புதான் என்று 2007-ல் ஓர் ஆய்வு வாதிட்டது, அந்த விவாதம் சுவையானது. மறுசேர்க்கை வடிவம் என்ற பட்டம் பெற, ஒருவருக்கொருவர் நேரடித் தொடர்பில்லாத குறைந்தது மூன்று பேரிடம் அதே ஒட்டுகளோடு வைரஸ் கிடைக்கவேண்டும். அப்படிப் பட்டம் பெற்றவை இன்று நூறைத் தாண்டிவிட்டன. இந்தியாவில் பரவலாக உள்ள சி வகையின் கிளையும் தாய்லாந்தின் பி வகையும் கலந்து சீனாவில் சி.ஆர்.எஃப்.07_பி.சி. பரவியது. 2010 முதல் 2015 வரையிலான காலத்தைப் பார்த்த உலகளாவிய கணக்கில், ஐந்தில் ஒன்றுக்கும் மேற்பட்ட தொற்றுகள் ஏதோ ஒரு மறுசேர்க்கை வடிவம். தமக்கு இருப்பது எந்த வகை என்று கேட்டுப் பயப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: இன்றைய கூட்டு மருந்துகள் எம் குழுவின் எல்லாத் துணைவகைகளிலும், அவற்றின் கலப்புகளிலும் வேலை செய்கின்றன.

தடுப்பூசியில் அந்த நிம்மதி இல்லை. துணைவகைகளுக்கு இடையே என்வ் புரதம் 35 சதவீதம்வரை வேறுபடலாம். இயற்கையில் கிடைத்த வரிசைகளைக் கணினியில் வெட்டி ஒட்டி, முடிந்தவரை அதிக வேறுபாடுகளை உள்ளடக்கும் மொசைக் புரதங்களை வடிவமைத்தார்கள். வைரஸ் செய்வதையே அதற்கு எதிராகச் செய்து பார்க்கும் அருமையான யோசனை. அந்தப் புரதங்களைக் கொண்ட தடுப்பூசிகளைப் பரிசோதித்த இம்போகோடோ சோதனை 2021-லும் மொசைக்கோ சோதனை 2023-லும் பலன் தராமல் முடிந்தன. அந்தச் செய்திகளைப் படித்த நாட்கள் எனக்குக் கனமாகவே கழிந்தன. ஆனால் 2024-ல், ஆண்டுக்கு இரண்டு ஊசியாகப் போடும் லெனகாபவிர் என்ற தடுப்பு மருந்தை எடுத்த 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. அது குறிவைப்பது வைரஸின் உள்கூடான கேப்சிட் புரதத்தை. என்வ் போலத் தன் இஷ்டத்துக்கு மாறிக்கொள்ள அந்தப் புரதத்தால் முடியாது.

ஏற்கெனவே தொற்று உள்ளவர்களுக்கு, மருந்தை ஒழுங்காக எடுப்பதன் பலன் ஒன்றைத் தனியாகச் சொல்லவேண்டும். படியெடுப்பு நின்றால் தவறும் இல்லை, தாவலும் இல்லை. ரத்தத்தில் வைரஸ் தென்படாத நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவுவதும் இல்லை. ஆனால் உறங்கும் சி.டி.4 செல்களுக்குள் பழைய டி.என்.ஏ. அப்படியே இருக்கும். இந்தச் சேமிப்பு பாதியாகக் குறையவே ஏறத்தாழ 44 மாதங்கள் ஆகும். பத்து வருடத்துக்கு முன் ஒரு மருந்து தோற்றுப்போய் அப்போது உருவான எதிர்ப்பு வரிசையும் அதில் கிடக்கலாம். மருந்து நின்றால் அது எழுந்து வந்து, புதிதாக எழுந்த இன்னொன்றோடு ஒரே செல்லில் சேரலாம். இன்று ரத்தத்தில் எடுக்கும் எதிர்ப்புச் சோதனையில் அது தெரியாமல் போக வாய்ப்பு அதிகம், ஏனென்றால் வழக்கமான சோதனை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காவது இருக்கும் வைரஸைத்தான் காட்டும். மருந்து மாற்றும்போது விவரமறிந்த மருத்துவர்கள் புதிய ரிப்போர்ட்டோடு நிறுத்துவதில்லை. முன்பு என்னென்ன மருந்து எடுத்தீர்கள், எப்போது நிறுத்தினீர்கள், பழைய ரிப்போர்ட் இருக்கிறதா என்று கேட்பார்கள். இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள்.